தலைக்கணக்கும் வாக்குரிமையும்: வர்ஜீனியாவும் மலையகமும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் செல்லும் மேல்மலைச் சாலையில், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிவயல்களுக்கு அப்பால் வாட்டில், யூகலிப்டஸ், பைன் காடுகள் தொடங்கிவிடுகின்றன. அந்தக் காடுகளில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் 1970களிலும் 80களிலும் வந்து சேர்ந்தவர்களில் பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அரசு ஆவணங்களில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’; ஊர்ப் பேச்சில் ‘சிலோன்காரர்கள்’. அரசியல் சட்டம் படிக்கும் எவரும் நின்று கவனிக்க வேண்டிய ஒரு செய்தி அவர்களுடைய குடும்ப வரலாற்றில் இருக்கிறது. 1949க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோருக்கு இலங்கையில் வாக்கு இல்லை. ஆனால் நாடாளுமன்ற இடங்களை மாகாணங்களுக்குப் பங்கிடும் கணக்கில் அவர்கள் ஒவ்வொருவரும் முழு ஆளாகவே எண்ணப்பட்டார்கள். அவர்களுடைய தலைக்கணக்கில் கிடைத்த இடங்களுக்கு அவர்களுடைய அயலார் வாக்களித்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் புகழ்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின், அடிமைகள் ஐவரை மூவராக எண்ணிய ஐந்தில் மூன்று விதி அது. ஒன்று அடிமைமுறையின் குழந்தை. மற்றொன்று அடிமைமுறை ஒழிந்தபின் அதன் இடத்தை நிரப்ப வந்த கூலிப் பெயர்வின் குழந்தை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எதிர்பார்த்த ஒற்றுமைகள் சில பொய்த்துப்போகின்றன; எதிர்பாராத உறவுகள் சில புலப்படுகின்றன. அவற்றைத்தான் இங்கே எடை போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில் கணக்கு. 1790ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் இருந்தவர்கள் 7,47,610 பேர். அவர்களில் 2,92,627 பேர் அடிமைகள். எஞ்சிய 4,54,983 பேர் சுதந்திரமானவர்கள். அப்போது மெய்ன் பகுதியும் சேர்ந்திருந்த மாசசூசெட்ஸில் 4,75,327 பேர். அடிமை ஒருவரும் இல்லை. அதாவது, சுதந்திர மக்களை மட்டும் எண்ணினால் மாசசூசெட்ஸ்தான் பெரிய மாநிலம். 1792இல் 33,000 பேருக்கு ஒரு பிரதிநிதி என்று பங்கிட்டார்கள். மாசசூசெட்ஸுக்கு 14 இடங்கள் கிடைத்தன. வர்ஜீனியாவின் அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 1,75,576 என்ற எண், அதன் சுதந்திர மக்களோடு கூட்டப்பட்டது. வர்ஜீனியாவுக்கு 19 இடங்கள். அடிமைகளைச் சேர்க்காமல் அதே விகிதத்தில் வகுத்தால் 13தான் வரும். அந்த ஆறு இடங்களும், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவற்றோடு ஒட்டிவரும் ஆறு வாக்குகளும், வாக்குரிமை என்பதையே அறியாத மனிதர்களின் உடல்களால் ஈட்டப்பட்டவை.

இலங்கைக் கணக்கில் பின்னம் இல்லை. 1946ஆம் ஆண்டின் சோல்பரி அரசியல் சட்டப்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் இடம். அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம் கூடுதல். இப்படி மக்கள்தொகைக்கு 70, பரப்புக்கு 25, ஆக 95 இடங்கள். சிறுபான்மையோர் சிதறி வாழும் மாகாணங்களுக்குக் கை கொடுப்பதற்காகவே பரப்புக்கு எடை தரப்பட்டது. இந்த ஏற்பாட்டில் இந்தியத் தமிழர் எனப்பட்ட மலையக மக்கள் 14 இடங்கள் பெறக்கூடும் என்று அன்றைய அமைச்சர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். 1946 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறத்தாழ 7.8 லட்சம் பேர், நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். 75,000க்கு ஒன்று என்ற அளவை மட்டும் வைத்துப் பார்த்தாலே அது பத்து இடங்களின் எடை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களில் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. பட்டியல் மாறியது, இடப் பங்கீடு மாறவில்லை. அது தொடர்ந்து தலைகளை எண்ணியது, குடிமக்களைத் தனித்துப் பார்க்கவில்லை. 1959இன் தொகுதி மறுவரையறையும் அதே அடிப்படையில்தான் நடந்தது. தலவாக்கலை போன்ற தோட்டத் தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கை பல மடங்கு சுருங்கியது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பது அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பரவலான புரிதலைத் திருத்திக்கொள்வது நல்லது. ஐந்தில் மூன்று என்றதும் மனிதனை முக்கால் மனிதனாகக்கூட மதிக்காத இழிவு என்றே பலரும் படிக்கிறோம். இழிவு இருந்தது, ஐயமில்லை. ஆனால் அடிமைகளை முழுதாக எண்ண வேண்டும் என்று பிலடெல்பியாவில் வாதாடியவர்கள் தென் கரோலினாவின் அடிமை உடைமையாளர்கள். எண்ணவே கூடாது என்றவர்களில் அடிமைமுறையை வெறுத்த வடபுலத்தார் இருந்தார்கள். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி, தென்னகத்தின் அடிமைகள் உடைமை என்றால் வடக்கின் மாடு குதிரைகளையும் எண்ண வேண்டியதுதானே என்ற பொருளில் கேட்டார். பென்சில்வேனியாவின் கூவர்னியர் மோரிஸ் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: அவர்கள் மனிதர்கள் என்றால் குடிமக்களாக்கி வாக்குக் கொடுங்கள்; உடைமை என்றால் வேறெந்த உடைமையையும் எண்ணாதபோது இதை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள்? வாக்கில்லாதவனுக்குச் சுழியம்தான் மிகக் குறைந்த கேடு. ஐந்தில் மூன்று அதைவிடக் கேடு. முழு ஒன்று எல்லாவற்றிலும் பெருங்கேடு. அவன் தலையின் மதிப்பு உயர உயர, அவனை ஆள்பவன் கையில் அதிகாரம் உயர்கிறது. இந்த அளவுகோலில் பார்த்தால் பிலடெல்பியா பாதி வழியில் நின்றது. கொழும்பு கடைசி வரை சென்றது.

இப்படிச் சொன்னதும் வேற்றுமைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டத்தில் உழைத்தவர் விலைப்பொருள்; அவர் பிள்ளையும் விலைப்பொருள். நுவரெலியாவின் லயம் எனும் தோட்ட வரிசைவீட்டில் வாழ்ந்தவர் கூலி பெற்றவர், சங்கம் சேர்ந்தவர், வேலைநிறுத்தம் செய்தவர். ஆள் சேர்த்த கங்காணியின் முன்பணமும், கடனைச் சீட்டில் எழுதிவைத்த துண்டு முறையும் அவரைக் கடனால் கட்டிப்போட்டது உண்மை. ஆனாலும் 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அடிமைக்கு அப்படியொரு சட்டம் வர உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றென்பது இருவருடைய துன்பத்தையும் மங்கலாக்கிவிடும்.

இன்னொரு வேற்றுமை காலத்தின் திசையில் இருக்கிறது. அமெரிக்க அடிமைக்கு வாக்கு இருந்ததில்லை; அவருடைய கதை இன்மையிலிருந்து தொடங்கி உரிமையை நோக்கி நகர்கிறது. மலையகத் தொழிலாளருக்கு வாக்கு இருந்தது, பறிக்கப்பட்டது. 1931இல் டொனமூர் சட்டம் இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, நிரந்தரக் குடியிருப்புக் கட்டுப்பாடுகளைத் தாண்டி ஏறத்தாழ ஒரு லட்சம் இந்தியத் தமிழர் பட்டியலில் இடம்பெற்றார்கள். 1947இல் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸின் வேட்பாளர்கள் மலையகத் தொகுதிகளில் வென்றார்கள். நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். ஆகவே 1947இல் தலவாக்கலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, 1787இல் வர்ஜீனியாவின் மிகப் பெரிய தோட்டத்து எஜமானியம்மாளுக்கும் இல்லாத உரிமை இருந்தது. இரண்டாண்டுக்குள் அது போயிற்று. ஒருபோதும் தரப்படாததைவிடத் தந்து பறிக்கப்பட்டது கூடுதல் வலியா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். கூடுதல் விளக்கம் கேட்கும் செயல் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த விளக்கமும் கண்டிச் சிங்களவரின் பேரில் தரப்பட்டது. அவர்களுடைய குறை கற்பனையானதல்ல. 1840இன் முடிக்குரிய நிலச் சட்டத்துக்குப் பின் அவர்களுடைய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. அவற்றில் கடல் கடந்து வந்தவர்கள் குடியேற்றப்பட்டார்கள். குடியேற்றியவர்கள் வெள்ளைத் துரைமார். குடியேறியவர்கள் வறுமையால் வந்தவர்கள். ஆனால் தேர்தல் வந்தபோது கண்டி விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்தது துரையல்ல, எண்ணிக்கையில் தன்னை மிஞ்சிய தோட்டத் தொழிலாளி. தென் மாநிலத்தாரின் அச்சமும் எண்ணிக்கையின் அச்சமே. வடக்கு தங்களை வாக்கால் மூழ்கடித்துவிடும் என்று அஞ்சினார்கள். இரண்டு அச்சங்களுக்கும் நேர்மை ஒன்றல்ல. நிலம் இழந்தவனின் அச்சத்தை, மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவனின் அச்சத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. தீர்வு மட்டும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபோல அமைந்துவிட்டது.

அந்தத் தீர்வுக்குள் இருக்கும் இரட்டை முகத்தையும் பார்க்க வேண்டும். ஐந்தில் மூன்று என்ற பின்னம் 1787இல் பிறந்ததல்ல. 1783இல் மாநிலங்கள் மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகையைப் பங்கிடும் பேச்சில் அது தோன்றியது. அன்று வடக்கு அடிமைகளை அதிகமாக எண்ணச் சொன்னது, தெற்கு குறைவாக எண்ணச் சொன்னது. செலுத்துவதற்கான கணக்கு பெறுவதற்கான கணக்காக மாறிய நான்கே ஆண்டுகளில் இரு தரப்பும் இடம் மாறிக்கொண்டன. கொழும்பிலோ இடம் மாறிக்கொள்ள இரண்டு தரப்பு தேவைப்படவில்லை. குடியுரிமைச் சட்டம் பேசும்போது தோட்டத் தமிழர் இந்த நாட்டோடு ஒட்டாதவர்கள், வந்து போகிறவர்கள். தொகுதி வரையும்போது அதே மக்கள் அந்தந்த மாகாணத்தின் நிலையான குடித்தொகை. ஒரே நாடாளுமன்றம் இரண்டையும் ஒரே காலத்தில் நம்பியது.

பின்னம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு உறவைக் காட்டுகிறது. அடிமையின் உழைப்பு சுதந்திர மனிதனின் உழைப்பைவிடக் குறைந்த செல்வத்தை ஈட்டும், ஆகவே அதற்கேற்பக் குறைத்து எண்ணலாம் என்பது 1783இன் வாதம். மனிதனைப் பின்னமாக்கியது உற்பத்திக் கணக்கு. மலையகத் தோட்டத்திலும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துச் செக்ரோல் என்ற பதிவேட்டில் பேர் போடுவார்கள். குறித்த எடை பறிக்காத நாளுக்கு அரைப்பேர். நாள் முழுதும் மலையேறி இறங்கியவர் ஏட்டில் பாதி ஆளாக நிற்பார். வர்ஜீனியாவில் உழைப்பின் பின்னம் அரசியல் சட்டத்துக்குள் புகுந்தது. இலங்கையில் உழைப்புக்கு அரைப்பேர், தொகுதிக் கணக்கில் முழுப்பேர், வாக்குப்பெட்டிக்கு முன்னால் பேரே இல்லை.

சட்ட மொழியும் இரு இடங்களிலும் ஒரே பழக்கத்தைக் காட்டுகிறது. 1787இன் மூலப் பிரதியில் அடிமை என்ற சொல் எங்கும் இல்லை. சுதந்திரமானவர்களைச் சொல்லிவிட்டு ‘மற்ற நபர்கள்’ என்று கடந்துவிட்டார்கள். 1948, 1949 சட்டங்களிலும் வாக்கிழப்போர் தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளர் என்றோ எழுதப்படவில்லை. தந்தை எங்கே பிறந்தார், பாட்டனார் எங்கே பிறந்தார் என்று மட்டுமே கேட்கப்பட்டது.

இங்கேதான் நாம் ஒப்பிட வேண்டிய அமெரிக்க ஆண்டு 1787தானா என்ற கேள்வி எழுகிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் நிறைவேறிய பதினான்காம் திருத்தம் ஐந்தில் மூன்றை ஒழித்து எல்லோரையும் முழுதாக எண்ணியது. ஆண்களின் வாக்கை மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதித்துவம் அதே விகிதத்தில் குறைக்கப்படும் என்றும் எழுதியது. அந்தத் தண்டனைப் பிரிவு ஒருமுறைகூட நடைமுறைக்கு வரவில்லை. 1890இல் மிசிசிப்பி தன் புதிய அரசியல் சட்டத்தில் தலைவரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் வைத்தது; மற்ற தென் மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கறுப்பின மக்கள் பட்டியலிலிருந்து மறைந்தார்கள், கணக்கெடுப்பிலிருந்து மறையவில்லை. முன்பு ஐந்தில் மூன்றாக எண்ணப்பட்டு வாக்கில்லாதிருந்தவர்கள் இப்போது ஐந்தில் ஐந்தாக எண்ணப்பட்டு வாக்கில்லாதிருந்தார்கள். அடிமைமுறை ஒழிந்ததால் அதன் பழைய எஜமானர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடங்கள் கூடின. 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரை இதுதான் நிலை. மலையகத்தின் உண்மையான உடன்பிறப்பு 1787இன் வர்ஜீனியா அல்ல, 1890க்குப் பிந்தைய மிசிசிப்பி என்பது என் முடிவு.

இந்த உறவு மேலோட்டமானதல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று பாட்டனார்களைப் பற்றியது. எழுத்தறிவுச் சோதனையால் ஏழை வெள்ளையரும் வாக்கிழப்பார்களே என்று யோசித்த லூசியானா 1898இல் ஒரு வழி கண்டது: 1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தவரின் மகனுக்கும் பேரனுக்கும் சோதனை இல்லை. அன்று கறுப்பினத்தார்க்கு அங்கே வாக்கு இல்லாததால் யாருடைய பாட்டனார் தகுதி பெறுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐம்பது ஆண்டு கழித்து இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவரிடம் கேட்டது: தந்தை இலங்கையில் பிறந்தவரா? இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனாரும் முப்பாட்டனாரும் இலங்கையில் பிறந்தவர்களா? தலைமன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து மலையேறிய ஒருவருடைய பேரனிடம் பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் எப்படி இருக்கும்? ஊர்ப்புறச் சிங்களவர் பலரிடமும் அப்படியொரு பத்திரம் இருந்திராது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நியூ ஆர்லியன்ஸும் கொழும்பும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை. ஒரே தேவை ஒரே கருவியை இரண்டு இடத்தில் கண்டுபிடித்தது.

மற்றொரு சான்று நீதிமன்றத்தில் இருக்கிறது. குடியுரிமையும் அடிமைமுறையும் என்றதும் 1857இன் டிரெட் ஸ்காட் தீர்ப்பையே நினைப்போம். தலைமை நீதிபதி டேனி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் சுதந்திரமானவர்களாக இருந்தாலும் அரசியல் சட்டப்படி குடிமக்கள் ஆக முடியாது என்று வெளிப்படையாக இனத்தின் பேரில் எழுதினார். 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த கொடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கில் அந்தக் குரல் கேட்காது. ஒரு சமூகத்துக்கு மட்டும் குறைபாடு விதிக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்லியிருந்தது. தன் குடிமக்கள் யார் என்று வகுப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம், இந்தச் சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை, இந்தியரும் பாகிஸ்தானியரும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற 1949இல் தனிச் சட்டம் ஒன்று வழி திறந்திருக்கிறது என்ற நோக்கில் பிரிவி கவுன்சில் வழக்கைத் தள்ளியது. இந்தத் தர்க்கத்துக்கு நேர் இணை, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1898ஆம் ஆண்டு வில்லியம்ஸ் எதிர் மிசிசிப்பி தீர்ப்பு. மிசிசிப்பிச் சட்டத்தின் சொற்களில் இனம் இல்லை, ஆகவே பாகுபாடு இல்லை என்று அங்கே முடித்தார்கள். சொற்களுக்கு வெளியே வயல்வெளியிலும் தோட்டத்திலும் என்ன நடக்கிறது என்று இரண்டு நீதிமன்றங்களும் பார்க்கவில்லை. திறந்திருந்ததாகச் சொன்ன வழியில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

கிடைத்த எடை எதற்குப் பயன்பட்டது? அமெரிக்காவில் இதைத் துல்லியமாகக் காட்ட முடிகிறது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்குகள், ஜான் ஆடம்ஸுக்கு 65. அடிமைக் கணக்கில் வந்த வாக்குகளைக் கழித்தால் ஆடம்ஸ் முந்தியிருப்பார் என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்கிறார்கள். முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டு குடியரசுத் தலைவர் பதவியில் இருந்தவர்கள் அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியக்காரர்கள். இலங்கையில் விளைவு அவ்வளவு எண்ணுருவில் இல்லாவிட்டாலும் தெளிவாகவே தெரிகிறது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஓர் இடமும் பெறவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 95இல் 54 இடங்களைப் பிடித்தது. தோட்ட வாக்குகளின் துணையில் மலைநாட்டில் இடதுசாரிகள் வளரும் வாய்ப்பும் அதோடு அடைபட்டது.

இந்த எடை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பதை இரு நாடும் காட்டின. மாசசூசெட்ஸ் 1804இல் அடிமைக் கணக்கை நீக்கத் திருத்தம் முன்மொழிந்தது. 1814-15இல் கூடிய ஹார்ட்ஃபோர்டு மாநாடும் அதையே கேட்டது. அந்தக் கணக்கால் இடம் பெற்றவர்களின் ஒப்புதலின்றி அது நிறைவேற முடியாது, நிறைவேறவுமில்லை. இலங்கையிலும் தொகுதிக் கணக்கை மாற்றும் அதிகாரம் அந்தக் கணக்கால் வென்றவர்களிடமே இருந்தது. எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் அமைச்சராகச் சேர்ந்தபோது எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு மலையகத் தமிழரின் குடியுரிமையும் ஒரு முதன்மைக் காரணம். கூட்டாட்சியைக் காப்பதற்காக அடிமைமுறையோடு சமரசம் செய்துகொண்ட வடபுலத் தலைவர்களையும் செய்யாதவர்களையும் நினைவூட்டும் பிளவு இது.

எண்ணிவிட்டு வாக்குக் கொடுக்காமல் வைத்திருப்பவர்களை அடுத்து என்ன செய்வது? இரு நாட்டிலும் ஒரே விடை எழுந்தது: அனுப்பிவிடலாம். 1816இல் தோன்றிய அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் சுதந்திரமடைந்த கறுப்பினத்தாரை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. லைபீரியா அப்படிப் பிறந்தது. போருக்கு முன் அங்கே சென்றவர்கள் ஒரு சிறு பகுதியினர் மட்டுமே; மற்றவர்கள் பிறந்த மண்ணை விட மறுத்தார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மறுப்பதற்கு இடமில்லாத பெரும் பெயர்வு அது. இலங்கையில் தங்குவோரைத் தனி வாக்காளர் பட்டியலில் வைக்கலாம் என்ற யோசனையும் ஒப்பந்தத்தின் மை காயுமுன் எழுந்தது, இந்தியா ஏற்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டையோடு நின்று, ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் வந்தார்கள்.

நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். கொடைக்கானல் மலைக்கு வந்தவர்களில் பலர் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரின் முன்பணத்தில் சிக்கிக் கொத்தடிமைகளானார்கள். 1976இல் இந்தியா சட்டமியற்றி ஒழித்த முறை அது. கங்காணியின் கடனில் தொடங்கி மரக்கூப்பு ஒப்பந்தக்காரரின் கடனில் வந்து நின்ற இந்தப் பாதையில் அவர்கள் பெற்ற புதிய பொருள் ஒன்றே: வாக்கு. இந்தியக் குடிமக்களாகவே அவர்கள் கரை இறங்கியிருந்தார்கள். இன்று மேல்மலை மக்கள் பழனி சட்டமன்றத் தொகுதியிலும் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலும் வாக்களிக்கிறார்கள்.

இந்தியாவும் இடங்களை மக்கள்தொகையால் பங்கிடும் நாடுதான்; குழந்தைகளும் எண்ணப்படுகிறார்கள். மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன, 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை. அமெரிக்காவிலும் 2016இல் எவன்வெல் எதிர் அபாட் வழக்கில், வாக்காளரை மட்டுமல்லாமல் எல்லோரையும் எண்ணித் தொகுதி வரையலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எண்ணுவதில் தவறில்லை, பள்ளிப் பிள்ளைக்கும் பிரதிநிதி வேண்டும். அந்தப் பிள்ளை நாளை வாக்களிப்பாள், இன்று அவளுக்காக வாக்களிப்பவர் அவள் தாய். தோட்டத் தமிழரின் பேரில் வாக்களித்தவர் அவருக்குத் தாயுமல்ல, நாளை என்ற ஒன்றும் அவருக்குத் தரப்படவில்லை. இலங்கை இதற்குக் கண்ட தீர்வு அமெரிக்கத் தீர்வின் தலைகீழ். அமெரிக்கா எண்ணப்பட்டவர்களுக்கு வாக்குக் கொடுத்தது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியல் சட்டமோ, மாகாணத்துக்கு நான்கு என்ற 36 இடங்கள் போக எஞ்சிய 160 இடங்களைப் பதிவுபெற்ற வாக்காளர் எண்ணிக்கையால் மாவட்டங்களுக்குப் பங்கிட்டது. அதன்பின் வாக்கில்லாதவரின் தலையால் யாருக்கும் ஆதாயமில்லை. எடை அகன்றதும் வாக்குரிமைக்கான எதிர்ப்பும் தளர்ந்தது என்று நான் எண்ணுகிறேன்: 1988இலும் 2003இலும் நிறைவேறிய சட்டங்கள் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை கொடுத்தன.

மேல்மலையில் இந்த வரலாற்றுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. மன்னவனூருக்கு அருகே கூக்கால் ஊராட்சியைச் சேர்ந்தது குண்டுப்பட்டி. இலங்கையிலிருந்து வந்து, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட தலித் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். 1998 மக்களவைத் தேர்தலின்போது, அடிப்படை வசதிகள் செய்து தரப்படாததை எதிர்த்து வாக்களிக்கப் போவதில்லை என்று அந்த மக்கள் அறிவித்தார்கள். பிப்ரவரி மாத இறுதியில் காவல்துறையினர் ஊருக்குள் புகுந்து பெண்கள் உட்படப் பலரைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. வர்ஜீனியாவின் அடிமைக்கும் நுவரெலியாவின் தொழிலாளிக்கும் வாக்களிக்க உரிமை இல்லை என்று சொல்லப்பட்டது. குண்டுப்பட்டி மக்கள் அடிபட்டது, தங்களுக்குக் கிடைத்த வாக்கைத் தர மறுத்ததற்காக. ஐம்பதாண்டுக்குமுன் அந்த வாக்கு இல்லாமலேயே அவர்களுடைய பெற்றோரின் தலைகளால் ஆட்சி நடத்த முடிந்தது. மேல்மலையில் அது முடியவில்லை. அவர்கள் வாக்குச்சாவடிக்கு வராதது ஒரு கட்சிக்கும் ஓர் அதிகாரத்துக்கும் பொருட்படுத்த வேண்டிய செய்தியாயிற்று.